கோழிச் சண்டையில் மாட்டிக்கொண்ட லொறி

பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனிடம் வந்து அமெரிக்காவின் தீர்வைக் கொள்கையைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 2025 ஏப்ரல் 3 ஆம் திகதி காலையில் அதுதான் நடந்தது. முந்திய நாள் வொஷிங்டனில் ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் ஓர் அட்டவணையைக் கையில் பிடித்துக் காட்டியிருந்தார். அதில் இலங்கையின் பெயருக்கு நேரே 44 வீதம் என்று இருந்தது. எனது கடைக்கு மேல்மாடியில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு பொத்தான், சிப், லேபல் விநியோகிக்கும் ஓர் இளைஞரின் களஞ்சியம் இருக்கிறது. நான் கடைக் கதவை முழுதாகத் தூக்குவதற்கு முன்னரே அவர் வந்து நின்றார்.

"நானா, இந்த வரிய எப்ப எடுப்பாங்க?"

அவர் கேட்ட விதம்தான் என்னை யோசிக்க வைத்தது. இது நியாயமா என்றோ, இதனால் யாருக்கு நட்டம் என்றோ அவர் கேட்கவில்லை. எப்போது எடுப்பார்கள் என்று கேட்டார். கோபத்தில் போட்ட வரி கோபம் தணிந்ததும் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த 44 பின்னர் 30 என்று மாறி, ஓகஸ்டில் 20 என்று அறிவிக்கப்பட்டது வாசகர்களுக்குத் தெரியும். அந்த எண்களைப் பற்றி எழுத நான் வரவில்லை. அவை பத்திரிகை அச்சாகி வருவதற்குள் மாறிவிடக்கூடியவை. அன்று அந்தத் தம்பியை உட்கார வைத்து, பிளேன்டி வரவழைத்து, அவருக்குச் சொன்ன ஒரு கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். வாகன வியாபாரத்தோடு தொடர்புள்ளது என்பதால் நீண்ட காலமாக நான் தேடித் தேடி வாசித்து வந்த கதை இது. உலக வர்த்தக வரலாற்றில் இதற்குக் 'கோழி வரி' என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமைக் கோழி

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அமெரிக்காவில் கோழி இறைச்சி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. 1928 ஜனாதிபதித் தேர்தலின்போது குடியரசுக் கட்சிக்காக வெளியான விளம்பரமொன்று, ஒவ்வொரு சட்டியிலும் கோழி என்று பெருமையடிக்கும் அளவுக்கு அது வசதியின் அடையாளமாக இருந்தது. போர் முடிந்த பிறகு நிலைமை தலைகீழானது. ஜோர்ஜியா, ஆர்கன்சோ, டெலவெயார் போன்ற மாநிலங்களில் குஞ்சு பொரிப்பது, தீனி அரைப்பது, வளர்ப்பது, அறுப்பது, உறைய வைப்பது எல்லாம் ஒரே கம்பனியின் கைக்குள் வந்தன. 'நாளைய கோழி' என்று பெயர் வைத்து நாடு தழுவிய போட்டி நடத்தி, 1948 இல் அதன் இறுதிச் சுற்றில் நெஞ்சுச் சதை கூடிய, விரைவாக வளரும் இனத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். இன்று நாம் புரொய்லர் என்று வாங்கும் கோழி அந்தக் காலத்து முயற்சிகளில்தான் வேர் கொண்டது.

மலிவாக உற்பத்தியானால் வெளியே விற்க வேண்டும். உறைய வைத்த அமெரிக்கக் கோழி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. போரில் அழிந்து, எழுந்து நின்று, கையில் கொஞ்சம் காசு சேரத் தொடங்கியிருந்த மேற்கு ஜேர்மனிதான் பெரிய சந்தை. நகரத்து வீட்டுக்காரிக்கு மகிழ்ச்சி. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஐம்பது, நூறு கோழி வளர்த்து விற்ற ஜேர்மனிய விவசாயிக்கும், ஜேர்மனிக்குக் கோழி விற்று வந்த ஒல்லாந்துக்காரருக்கும் வயிற்றில் அடி. அமெரிக்கக் கோழிக்கு ஆர்சனிக் கலந்த தீனி போடுகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. போட்டியில் தோற்கும் நேரத்தில்தான் மனிதருக்கு மற்றவரின் சரக்கின் சுத்தம் பற்றிய கவலை வருகிறது என்பதை நமது சந்தையிலும் கண்டிருக்கிறோம்.

அந்த நேரத்தில் பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஒல்லாந்து, லக்ஸம்பேர்க் ஆகிய ஆறு நாடுகளும் சேர்ந்து ஐரோப்பிய பொருளாதார சமூகத்தைத் தொடங்கியிருந்தன. 1957 இல் ரோமில் கையெழுத்தான உடன்படிக்கை அது. அதன் பொது விவசாயக் கொள்கை கோழிக்கு நடைமுறைக்கு வந்த நாள் 1962 ஜூலை 30. அதற்கு முன்னர் ஜேர்மனியில் இறாத்தலுக்கு 5 சதத்துக்கும் குறைவாக இருந்த தீர்வை, ஒரே நாளில் 13 சதத்தையும் தாண்டியது.

தொகையைவிட அந்தத் தீர்வை அமைந்த விதமே முக்கியமானது. சாதாரண தீர்வை என்றால் வியாபாரி விலையைக் குறைத்தோ, இலாபத்தைக் குறைத்தோ சமாளிப்பான். ஐரோப்பியர் செய்தது வேறு. இந்த விலைக்குக் கீழே உள்ளே வரக்கூடாது என்று ஒரு வாசல் விலையை வைத்து, வெளியிலிருந்து வரும் சரக்கு அதைவிட மலிவாக இருந்தால் இடைவெளியை வரியால் நிரப்பினார்கள். நீங்கள் பத்து சதம் குறைத்தால் வரி பத்து சதம் கூடும். மலிவாக உற்பத்தி செய்யும் திறமைக்கே அங்கு வேலை இல்லாமல் போனது. அமெரிக்கக் கோழியின் ஒரே பலம் மலிவுதான். அது போனதும் விற்பனை சரிந்தது.

அணுகுண்டும் கோழியும்

இது நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பேர்லின் சுவர் எழுந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கியூபாவில் ஏவுகணை நெருக்கடி வந்ததும் அதே 1962 இல்தான். உலகம் அணுகுண்டுக்கு அஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், மேற்கு ஜேர்மனியின் தலைவர் கொன்ராட் அடனோவர், ஜனாதிபதி கென்னடிக்கும் தனக்கும் இடையில் அந்த இரண்டு வருடங்களில் நடந்த கடிதப் போக்குவரத்தில் ஏறக்குறைய பாதி கோழியைப் பற்றியது என்று சொன்னார். ஆர்கன்சோ மாநிலத்தின் செனட்டர் வில்லியம் புல்பிரைட், நேட்டோவின் அணுவாயுத விவாதத்துக்கு நடுவில் எழுந்து கோழிப் பிரச்சினையைக் கிளப்பினார். ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கப் படைகளைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று எச்சரிக்கும் அளவுக்குப் போனார். ஆர்கன்சோ கோழிப் பண்ணைகள் நிறைந்த மாநிலம் என்பதைச் சொன்னால் போதும், மீதியை வாசகர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. அக்காலத்தில் உலக வர்த்தக அமைப்பு இல்லை. அதன் முன்னோடியான 'காட்' உடன்படிக்கைதான் இருந்தது. அமெரிக்கா தனக்கு வருடத்துக்கு 46 மில்லியன் டொலர் நட்டம் என்றது. ஐரோப்பியர் 19 மில்லியன்தான் என்றார்கள். 'காட்' அமைத்த நிபுணர் குழு 1963 இன் இறுதியில் 26 மில்லியன் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த அளவுக்கு அமெரிக்கா பதிலுக்கு ஐரோப்பியப் பொருள்களின் மேல் தீர்வை போடலாம்.

எதன் மேல் போடுவது என்பதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. 'காட்' விதிப்படி ஒரு நாட்டைப் பெயர் சொல்லித் தண்டிக்க முடியாது, போடும் தீர்வை எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஆகவே நாட்டைத் தெரிவு செய்யாமல் பொருளைத் தெரிவு செய்தார்கள். பிரான்ஸை அடிக்க பிராந்தி. ஒல்லாந்தை அடிக்க உருளைக்கிழங்கு மாவும், பசை செய்யப் பயன்படும் டெக்ஸ்ட்ரினும். மேற்கு ஜேர்மனியை அடிக்க சிறிய லொறி. அப்போது அமெரிக்காவுக்குச் சிறிய லொறியும் சரக்கு வேனும் விற்றவர்களில் முதன்மையானது வோல்ஸ்வேகன் கம்பனி. நமது மூத்தவர்களுக்கு நன்கு தெரிந்த கொம்பி வேனின் சரக்கு வகைகள்தான் அவை.

நொவெம்பர் 22 ஆம் திகதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த லிண்டன் ஜோன்சன், பதவியேற்று இரண்டு வாரம் ஆவதற்குள், 1963 டிசெம்பர் 4 ஆம் திகதி அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 1964 ஜனவரி 7 இலிருந்து லொறிகளுக்கான தீர்வை 8.5 வீதத்திலிருந்து 25 வீதமாக உயர்ந்தது. அந்த வருடம் மேற்கு ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த லொறிகளின் பெறுமதி முந்திய வருடத்தின் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, 5.7 மில்லியன் டொலருக்கு இறங்கியது.

இதில் கோழியோடு சம்பந்தமில்லாத இன்னொருவரின் கையும் இருந்தது என்பது பல வருடங்களுக்குப் பின் வெளியான வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளால் தெரியவந்தது. 1964 தேர்தல் வருடம். மோட்டார் தொழிலாளர் சங்கத் தலைவர் வோல்டர் ரூதரின் ஆதரவு ஜோன்சனுக்குத் தேவைப்பட்டது. ரூதருக்கோ பெருகிவரும் வோல்ஸ்வேகன் இறக்குமதி கண்ணில் குத்தியது. கோழிக்குப் பழிவாங்க லொறியைத் தெரிவு செய்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கழற்றி எறிந்த ஆசனங்கள்

பிராந்திக்கும், உருளைக்கிழங்கு மாவுக்கும், டெக்ஸ்ட்ரினுக்கும் போட்ட மேலதிகத் தீர்வைகள் காலப்போக்கில் நீக்கப்பட்டன. லொறிக்குப் போட்டது மட்டும் நின்றுவிட்டது. அடனோவர், ஜோன்சன், ரூதர், புல்பிரைட் எல்லோரும் மண்ணுக்குள் போனார்கள். மேற்கு ஜேர்மனி என்ற நாடே இல்லாமல் போனது. அந்த 25 வீதம் போகவில்லை.

அதன் பிறகு நடந்தவைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தீர்வை என்று ஒன்று இருந்தால், அதன் சொற்களுக்கு நடுவே நுழைந்து போக ஒருவன் இருப்பான். ஜேர்மனியருக்காக விரித்த வலையில் அடுத்துச் சிக்கியவர்கள் ஜப்பானியர். அவர்கள் பின்பக்கப் பெட்டி இல்லாமல் எஞ்சினும், கெபினும், சேஸியும் மட்டுமாக வாகனத்தைக் கப்பலில் ஏற்றினார்கள். அது லொறியல்ல, லொறியின் ஒரு பகுதி. அதற்குத் தீர்வை 4 வீதம். அமெரிக்காவில் இறக்கிய பின் பெட்டியைப் பூட்டினால் லொறி தயார். இசுசு செய்து செவர்லே என்ற பெயரில் விற்கப்பட்ட 'லவ்', மஸ்டா செய்து போர்ட் என்ற பெயரில் விற்கப்பட்ட 'கூரியர்' எல்லாம் அப்படி வந்தவை. கவனியுங்கள், இந்த வரியால் பாதுகாக்கப்படுவதாகச் சொல்லப்பட்ட அமெரிக்கக் கம்பனிகளே வரியைச் சுற்றிப் போகும் வழியிலும் பங்காளிகள். 1980 இல் அமெரிக்கச் சுங்கம் அந்த வாசலை அடைத்தது.

சுபாரு கம்பனியின் வேலை இன்னும் சுவையானது. 'பிராட்' என்ற சிறிய பிக்கப் வாகனத்தின் திறந்த பெட்டிக்குள், பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் ஆசனங்களைப் பூட்டி, கீழே கம்பளமும் விரித்து, இது பயணிகள் வாகனம் என்று அனுப்பினார்கள். மழையிலும் வெயிலிலும் அந்தப் பெட்டிக்குள் யார் உட்காருவார்கள் என்று கேட்கக்கூடாது. பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகனிடமும் அப்படி ஒரு வாகனம் அவருடைய பண்ணையில் இருந்தது.

பிறகு ஜப்பானியர் சுற்றி வளைப்பதை விட்டுவிட்டு அங்கேயே போய்த் தொழிற்சாலை கட்டினார்கள். டென்னஸி மாநிலத்தின் ஸ்மேர்னாவில் நிஸான் கட்டிய தொழிற்சாலையிலிருந்து 1983 இல் வெளிவந்த முதல் வாகனம் ஒரு பிக்கப். தீர்வை வேலைவாய்ப்பைக் கொண்டுவராது என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இது ஒரு பதில்தான், மறுக்க மாட்டேன். மேர்சிடிஸ் கம்பனியின் வழி வேறு. ஜேர்மனியின் டுஸல்டோர்ப் நகரில் 'ஸ்பிரின்டர்' சரக்கு வேனை முழுதாகப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு எஞ்சின் முதலானவற்றைக் கழற்றி, தனித்தனியாகக் கப்பலில் அனுப்பி, தென் கரோலினாவில் மீண்டும் பூட்டினார்கள். பூட்டிய வேனைக் கழற்றுவதற்கும், கழற்றியதைப் பூட்டுவதற்கும் இரண்டு நாடுகளில் ஆட்களுக்குச் சம்பளம். வருடக்கணக்காக அதுதான் இலாபமாக இருந்தது. 2018 இல்தான் அங்கே முழுமையான தொழிற்சாலை வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலானது போர்ட் கம்பனியின் கதை. அமெரிக்காவின் பெருமை என்று சொல்லப்படும் அதே போர்ட்தான். 2009 இலிருந்து துருக்கியில் தயாரித்த 'டிரான்ஸிட் கனெக்ட்' என்ற சிறிய வேனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இந்த வேனை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் மின்வேலைக்காரர், குழாய் வேலைக்காரர், பூக்கடைக்காரர். அவர்களுக்குப் பின்னால் ஆசனம் தேவைப்படவில்லை, சரக்கு வைக்க இடம்தான் தேவைப்பட்டது. ஆனால் சரக்கு வேன் என்று கொண்டுவந்தால் 25 வீதம். பயணிகள் வாகனம் என்று கொண்டுவந்தால் 2.5 வீதம். வேனின் பெறுமதி 20,000 டொலர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 5,000 டொலர், மற்றதற்கு 500 டொலர்.

ஆகவே வேன்கள் எல்லாம் பின் ஆசனம், ஆசனப் பட்டி, கண்ணாடி யன்னல் சகிதம் பால்டிமோர் துறைமுகத்தில் இறங்கின. சுங்கத்தைத் தாண்டியதும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகையில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஆசனங்களைக் கழற்றி, சிலவற்றில் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகடு அடித்து, சரக்கு வேனாக மாற்றி அனுப்பினார்கள். ஒருவரும் ஒரு முறைகூட உட்காராத அந்தப் புத்தம் புதிய ஆசனங்கள் அரைத்துத் தூளாக்கப்பட்டு மீள்சுழற்சிக்குப் போயின. உதிரிப்பாகக் கடைக்காரனாகிய எனக்கு இதை முதன்முதலில் வாசித்தபோது நெஞ்சு பதறியது. கழற்றிய ஆசனத்துக்கு நமது பஞ்சிகாவத்தையில் என்ன விலை என்று தெரிந்தவன் நான்.

2013 இல் அமெரிக்கச் சுங்கம் இது ஏமாற்று என்றது. போர்ட் வழக்குப் போட்டது. உள்ளே வரும் நேரத்தில் வாகனம் எப்படி இருந்ததோ அதன்படிதான் தீர்வை, பிறகு அதை நான் என்ன செய்தால் உங்களுக்கென்ன என்பது அதன் வாதம். 2017 இல் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் போர்ட் வென்றது. 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. தலைவைக்கும் பகுதிகூட இல்லாமல் செலவைக் குறைத்துச் செய்த அந்த ஆசனங்களையும், அவை உடனேயே கழற்றப்படுவதையும் பார்த்தால், வேனின் உண்மையான பயன் சரக்கு ஏற்றுவதுதான் என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 2020 இல் உயர் நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. கடைசியில் 2024 மார்ச்சில் 365 மில்லியன் டொலர் கட்டி போர்ட் விவகாரத்தை முடித்துக்கொண்டது. விவகாரத்துக்குட்பட்ட வேன்களின் எண்ணிக்கை ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். கோழிக்காகப் போட்ட வரி, அறுபது வருடங்களுக்குப் பிறகு, டெட்ராய்ட் கம்பனியிடமே தண்டம் வாங்கியது.

நிழலில் உட்கார்ந்தவர்கள்

இவ்வளவு கோமாளித்தனம் நடந்தும் ஏன் எவரும் அந்த வரியை எடுக்கவில்லை? காரணம் மிகச் சாதாரணமானது. அந்த வரியின் நிழலில் உட்கார்ந்து பழகிவிட்டார்கள். அமெரிக்காவில் பெரிய பிக்கப் லொறிதான் டெட்ராய்ட் கம்பனிகளுக்குச் சோறு போடுகிறது. போர்டின் 'எப்' வரிசைப் பிக்கப் 1977 இலிருந்து அந்த நாட்டில் மிக அதிகமாக விற்கும் லொறி. வெளியார் போட்டி அடைக்கப்பட்ட இடத்தில் விலையையும் இலாபத்தையும் தாமே தீர்மானிக்கலாம். போட்டி இருந்த கார் பக்கத்தில் அவர்கள் படிப்படியாகப் பின்வாங்கினார்கள். 2018 இல் போர்ட், வட அமெரிக்காவில் தனது கார் வகைகளில் பெரும்பாலானவற்றைக் கைவிடப்போவதாகவே அறிவித்தது. பாதுகாப்பு அவர்களைப் பலப்படுத்தியதா, நிழலிலேயே வளரும் செடிபோல ஆக்கியதா என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நமது வீதிகளில் ஓடும் இரட்டைக் கெபின் வாகனங்களில் பல தாய்லாந்தில் செய்யப்பட்டவை. உலகமெங்கும் பெயர்பெற்ற ஹைலக்ஸை அமெரிக்காவின் எந்தக் காட்சியறையிலும் புதிதாக வாங்க முடியாது.

இங்கே நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுச் செலாவணியைக் காப்பாற்றத்தான் நிறுத்தினார்கள், அதில் குற்றம் காணவில்லை. புதிய வாகனம் வராது என்றால் பழையதை ஓட்டியே ஆக வேண்டும். பதினைந்து வருட வேனுக்கு எஞ்சின் பாகம், இருபது வருட லொறிக்கு கியர்பெட்டி என்று எனது கடைக்கு வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். களஞ்சியத்தில் தூசி படிந்து கிடந்த சாமான்களுக்கும் விலை வந்தது. 2022 இல் டொலர் இல்லாமல் கடன் கடிதம் திறக்க முடியாமல் இருந்தபோதும், கையிருப்பு வைத்திருந்தவன் தப்பித்தான். நான் வைத்திருந்தேன்.

இறக்குமதியைத் திரும்பத் திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு 2024 இல் வந்தபோது, தேநீர்க் கடையில் எங்களைப் போன்ற நாலைந்து கடைக்காரர்கள் உட்கார்ந்து, நாட்டின் டொலர் இருப்பு இன்னும் போதாதே, இவ்வளவு அவசரம் ஏன் என்று பொருளாதார நிபுணர்கள் போலக் கதைத்தோம். நாட்டைப் பற்றிய கவலையில் ஒரு பங்கு உண்மை. மீதிப் பங்கு என்ன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பழைய வேனின் தவணையைக் கட்டிக்கொண்டு, பாகத்துக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்த பாடசாலை வேன் சாரதி அந்த மேசையில் இல்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு அனுமதி வந்தது. அது நல்லது என்று இன்று எழுதுகிறேன். அன்று வாய் திறக்கவில்லை.

டெட்ராய்டில் உள்ளவர்களும் மோசமானவர்கள் அல்லர். எனது மேசையைவிட அவர்களது மேசை பெரியது, அவ்வளவுதான்.

நாடுகளின் உடன்படிக்கைகளிலும் இதே கதைதான் சட்ட மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. தென் கொரியாவோடு அமெரிக்கா செய்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2012 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கொரிய லொறிகளுக்கான 25 வீதம் 2021 இல் இல்லாமல் போயிருக்க வேண்டும். 2018 இல் டிரம்ப் அரசாங்கம் திரும்பப் பேசி அதை 2041 வரை நீட்டியது. அப்போது அமெரிக்காவில் கொரிய பிக்கப் ஒன்றுகூட விற்பனையில் இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. டிரம்ப்பை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஒபாமா காலத்தில் ஜப்பான் உட்பட 12 நாடுகள் சேர்ந்து எழுதிய பசிபிக் கூட்டு உடன்படிக்கையில், ஜப்பானிய லொறிகளுக்கான தீர்வையை 29 வருடங்கள் அப்படியே வைத்திருந்து 30 ஆவது வருடத்தில் எடுப்பதாக எழுதியிருந்தார்கள். 2017 இல் அமெரிக்கா அந்த உடன்படிக்கையிலிருந்தே விலகியது.

சரி, சண்டைக்குக் காரணமான கோழி திரும்பவும் ஐரோப்பாவுக்குப் போனதா? இல்லை. 1997 இலிருந்து குளோரீன் போன்றவற்றால் கழுவிய கோழி இறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடுவதில்லை. அமெரிக்காவின் பெரிய ஆலைகளின் வழக்கமோ கழுவுவதுதான். 2009 இல் அமெரிக்கா இதை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோயும் தீர்ப்பு எதுவும் வரவில்லை. ஆக, அறுபது வருடம் கடந்தும் கோழியும் போகவில்லை, லொறியும் வரவில்லை.

கோழிக்கு இன்னொரு தடவையும் அடி விழுந்தது. 2009 செப்டெம்பரில் ஒபாமா சீன டயர்களுக்கு 35 வீத மேலதிகத் தீர்வை போட்டார். ஓரிரு நாட்களுக்குள் சீனா அமெரிக்கக் கோழியை விசாரிக்கத் தொடங்கி, அடுத்த வருடம் சில கம்பனிகளுக்கு 100 வீதத்துக்கும் மேல் தீர்வை விதித்தது. அமெரிக்கர் தொடாமல் தள்ளும் கோழிக் கால்களுக்குச் சீனாவில் நல்ல விலை, அந்த வருமானம் அடிபட்டது. டயர் தீர்வையால் அமெரிக்காவில் காப்பாற்றப்பட்ட வேலைகள் அதிகபட்சம் 1,200 என்றும், அதற்காக 2011 ஆம் ஆண்டில் மட்டும் நுகர்வோர் 1.1 பில்லியன் டொலர் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்றும் வொஷிங்டனிலுள்ள பீற்றர்சன் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. ஒபாமாவின் டயர் தீர்வை மூன்று வருடத் தவணை முடிந்து 2012 இல் நின்றது. (2015 இல் வேறு சட்டத்தின் கீழ் சீன டயருக்குத் திரும்பவும் தீர்வை வந்தது வேறு கதை.) பதிலுக்குச் சீனா கோழிக்குப் போட்டதோ, உலக வர்த்தக அமைப்பில் தோற்ற பின்னரும் இழுபட்டு, 2018 பெப்ரவரியில்தான் நீங்கியது.

இவ்வளவையும் அன்று அந்தத் தம்பிக்கு நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இடையில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள், ஒரு பிரேக் பேட் பெட்டியைத் தேடி நான் பரணில் ஏறி இறங்கினேன். அவருடைய பிளேன்டி ஆறிவிட்டது. முடிவில் அவர் கேட்டார்:

"அப்ப நானா, எடுக்கவே மாட்டாங்களா?"

"எடுக்கவும் கூடும் தம்பி. பிராந்திக்குப் போட்டத எடுத்தாங்கதானே. ஆனா அந்த வரியால ஒருத்தர் ரெண்டு வருஷம் சம்பாதிச்சிட்டார்னா, பிறகு எடுக்கிறது லேசான காரியமில்ல."

ஒரு தொழிற்சாலைக்கு அடுத்த ஆறு மாதத்துக்கான விலைப்பட்டியலை அவர் அன்று கொடுக்க வேண்டியிருந்தது. வரி இரண்டு மாதத்தில் போய்விடும் என்று எண்ணி, பழைய விலையிலேயே கொடுத்து ஓடரைப் பிடித்து வைத்துக்கொள்வது அவருடைய திட்டம். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்து, எனது மேசையிலேயே வைத்து, பேனை கேட்டார். ஆறு மாதம் என்று இருந்ததை வெட்டிவிட்டு, முப்பது நாள் என்று எழுதினார்.